டைகரை விட்டுவிட்டு வராதே

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். ரங்கூனில் மழை விடாமல் பெய்கிறது. பாப்பாவின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது, உன் பெயரைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகப் பாப்பாவிடம் சொன்னாயாம். என்னிடம் சொல்லவில்லை. அன்றைக்கு நான் வேண்டாம் என்றதும் போனை வைத்தவன்தான், அப்புறம் பேச்சே இல்லை. சரி, உனக்குக் கோபம். போனில் விளக்கிச் சொல்லத் தோதுப்படாததால் எழுதுகிறேன்.

நீ கிளம்பி வந்துவிட்டால் உன் நாய் டைகரை யார் பார்த்துக்கொள்வார்கள்?

சிரிக்காதே. கல்யாணம் ஆவணியில் என்றால் அங்கே துபாயில் ஆகஸ்ட் கடைசி. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் 12.30லிருந்து 3 மணி வரைக்கும் வெயிலில் யாரையும் வேலை வாங்கக்கூடாது என்று அந்த நாட்டிலேயே சட்டம் இருக்கிறதென்று நீதான் சொன்னாய். உன் சைட்டில் ஆட்கள் நிழலில் சாய்ந்து கிடப்பதைப் படம் பிடித்துக்கூட அனுப்பினாய். மனிதனுக்கே இந்தக் கதி என்றால் வாயில்லாத ஜீவன் என்ன செய்யும்?

நமக்கு வேர்த்துக் கொட்டினால் உடம்பு ஆறிவிடும். நாய்க்கு அது கிடையாது, பாதத்தில் ஏதோ கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியே தள்ளும். கடல் பக்கமிருந்து புழுக்கம் ஏறிவிட்டால் அந்த மூச்சும் பயன்படாது. துபாயில் ராத்திரி 10 மணிக்கும் சட்டை உடம்போடு ஒட்டுகிறது என்றாயே, அந்நேரம் டைகரை வெளியே கூட்டிப்போவது நல்லதா என்று யோசி. விடியற்காலைதான் சரி. புறங்கையைத் தரையில் வைத்துப் பார், நாலைந்து விநாடி தாங்க முடியவில்லை என்றால் அதன் காலும் தாங்காது. தார் ரோட்டில் நடத்தாதே. தண்ணீர் பாட்டில் இல்லாமல் இறங்காதே. மயங்கி விழுந்தால் ஐஸ் தண்ணீரை ஊற்றாமல் சாதாரணத் தண்ணீரை வயிற்றிலும் தொடை இடுக்கிலும் ஊற்றி, விசிறிக்கொண்டே டாக்டரிடம் ஓடு. இதெல்லாம் நீ எனக்குச் சொன்னதுதான், எனக்கே திருப்பிச் சொல்கிறாயா என்பாய். நீ இல்லாதபோது டைகரை வைத்திருப்பவனுக்கு இதெல்லாம் தெரியுமா என்பதுதான் என் கேள்வி.

நாய் விடுதி என்று ஏதோ சொன்னாய். வெயில் காலத்தில் எல்லோரும் சொந்த ஊருக்குக் கிளம்புகிற சமயம், அங்கே எத்தனை நாய் சேருமோ. வந்தவர்கள் சிலர் திரும்பிப் போகும்போது நாயை மணலில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று நீதானே வயிறெரிந்து எழுதினாய்? டைகரே அப்படிக் கிடைத்ததுதானே. லேபர் கேம்ப் வேலியோரம் எலும்பும் தோலுமாக நின்றது. ஒருதரம் விடப்பட்ட நாய் அது. நீ பெட்டியை எடுத்தால் அதற்கு என்ன தோன்றும்?

கூட்டிக்கொண்டே வருகிறேன் என்றும் ஆரம்பித்துவிடாதே. வெயில் மாதங்களில் விமானத்தின் அடியில் நாயை ஏற்ற மாட்டோம் என்று சில கம்பெனிகள் சொல்கின்றன என்று பாப்பா தேடிப் பார்த்துச் சொன்னாள். இங்கே மட்டும் குளிர் ஊரா? 2024 ஏப்ரல் 28 அன்று நம் நாட்டுச் சௌக் ஊரில் 48.2 டிகிரி அடித்ததே, துபாய் வெயிலுக்கு அது கொஞ்சமும் குறைச்சல் இல்லை. அந்தக் கோடையில் கரண்டும் இல்லாமல் நாங்கள் தரையில் தண்ணீர் தெளித்துப் படுத்தோம். உன் டைகருக்கு நாள் முழுக்க ஏசி! நீ வேலைக்குப் போன பிறகும் ஓடுகிறதாம். பெற்றவளுக்குப் பனை விசிறி, நாய்க்கு ஏசி. தெருவில் எல்லோரிடமும் இதைச் சொல்லித் திட்டுகிறேன். என் மகன் ஏசி வைத்திருக்கிறான் என்பதும் அதில் தெரிந்துவிடும் அல்லவா.

முனிசிபாலிட்டியில் பதிந்து, கழுத்தில் தகடு, தோலுக்குள் சிப், வருஷம் தவறாமல் வெறிநாய்க்கடி ஊசி என்று எல்லாம் முறையாகச் செய்திருக்கிறாய். அந்தப் பொறுப்பு உன் அப்பாவிடமிருந்து வந்தது. ஆனால் லிப்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒதுங்கி நிற்பதைப் பார்த்து மனம் நொந்துகொண்டாயே, அது தேவையில்லை. நம் கீழ்வீட்டு பாய் அம்மாவும் நாய் தொட்டால் கழுவித்தான் தொழப் போவார், அவரோடு 40 வருஷமாக நமக்கு என்ன குறை? அடுத்த லிப்ட் வரும்வரை நில். கயிற்றைக் குட்டையாகப் பிடி. ஸலூக்கி ஜாதி என்றால் அரபிக்காரர்கள் கூடாரத்துக்குள்ளேயே சேர்த்துக்கொள்வார்கள் என்று அவர்தான் சொன்னார், டைகரின் நீளக் காலைப் பார்த்தால் அந்தக் கலப்பு இருக்கும் போலிருக்கிறதாம். மெட்ரோவில் ஏற்ற மாட்டார்கள், பீச்சில் விட மாட்டார்கள் என்று புலம்பாதே. இங்கே புத்தர் கோயில் படிக்கட்டெல்லாம் நாய்தான், யாரும் விரட்டுவதில்லை, ஆனால் ஊசி போட்ட நாய் எது என்று யாருக்குத் தெரியும்?

கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். மண்டபம் சுலபமாகக் கிடைத்தது. பர்மாக்காரர்கள் புத்த நோன்புக் காலமான இந்த மூன்று மாதமும் கல்யாணம் வைக்க மாட்டார்களே, அதனால் வாடகையும் குறைத்துக்கொண்டார்கள். பெகுவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகை வாங்க வந்தபோது, பெண்ணின் அண்ணன் வருகிறாரா என்று கேட்டார்கள். அங்கே அவன் ஒரு நாய் வளர்க்கிறான், அதை விட்டுவிட்டு வர முடியாது என்றேன். மாப்பிள்ளையின் அத்தை வாயில் கைவைத்துச் சிரித்தாள். பாப்பா எழுந்து உள்ளே போய்விட்டாள். சம்பந்தி மட்டும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம், "ஆமாம், நாயை எப்படி விட்டுவிட்டு வருவது, அங்கேயே இருக்கட்டும் தம்பி" என்றார். அவருடைய மூத்தவன் தாய்லாந்தில் இருக்கிறான். அவனும் வரவில்லை. அவனிடம் நாய் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

பொரி போடுவதற்குச் சின்ன மாமா மகனை நிறுத்துகிறேன். அவனுக்கு 15தான் ஆகிறது.

வார்டு ஆபீசிலிருந்து குடும்ப லிஸ்ட் பார்க்க வந்தார்கள். உன் பெயரில் விரலை வைத்து, எங்கே என்று கேட்டார்கள். வெளிநாட்டில் என்றேன். எப்போது வருவான் என்றார்கள். தெரியாது என்றேன். எழுதிக்கொண்டார்கள். டீ கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்கள். பின்வீட்டு அக்காவின் மகன் தண்ணீர்ப் பண்டிகைக்கு ஊருக்கு வந்தானே, டிக்கெட்டைக்கூட இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் எடுத்திருந்தான். அக்கா இப்போது காளி கோயிலுக்குத் தினமும் போகிறாள்.

உனக்கு 33 நடக்கிறது. பட்டாளத்துக்குக் கூப்பிடுகிற வயது, அந்த 35 முடியட்டும் என்று நான் விரலை மடக்கிக்கொண்டிருந்தேன். தொழில் படிப்புப் படித்தவர்களுக்கு 45 என்று ஒரு கணக்கு இருப்பதாக இப்போது சொல்கிறார்கள். சிரியம் காலேஜில் உனக்கு இடம் கிடைத்த அன்று தெரு முழுக்க லட்டு கொடுத்தவள் நான். போகட்டும். டைகருக்கு என்ன வயது என்று டாக்டர் சொன்னார்? நன்றாகக் கவனித்தால் 12, 13 வருஷம் இருக்கும் அல்லவா? நன்றாகக் கவனி.

பெரியப்பா வீட்டு நாய் கதை உனக்குத் தெரியும். கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்ட 1964ல் அவர்கள் மெட்ராசுக்குக் கப்பலேறினார்கள். நிலைமை சரியானதும் வந்துவிடுகிறோம் என்று நாயை ஆயாவிடம் விட்டுப் போனார்கள். அது புதிதாகக் குடிவந்தவரைக் கடித்துவிட்டு நம் வீட்டுத் திண்ணையில் வந்து படுத்துக்கொண்டது. கடிபட்டவர் வருஷக்கணக்கில் ஆயாவோடு பேசவில்லை. பெரியப்பா வியாசர்பாடியிலேயே கண்ணை மூடினார். போனவர்கள் போன இடத்தில் வேர் பிடித்தார்கள், அதில் தப்பொன்றும் இல்லை என்று உன் அப்பா சொல்வார். அப்போது எனக்கு அது பிடிக்காது.

நீ வராதது எனக்கு மட்டும் சந்தோஷமா? ஒன்றும் எழுதவில்லை. ஆனால் கோபத்தில் டிக்கெட் எடுத்துவிடாதே. டைகரை விட்டுவிட்டு வராதே. மீதியை இதைக் கொண்டுவருகிறவர் வாயால் கேட்டுக்கொள். அவருக்கு 50க்கு மேல் ஆகிறது, அதனால் வந்து போக முடிகிறது.

அவர் கையில் லப்பெட் தேயிலை ஊறுகாய், வறுத்த பட்டாணி, இறால் பாலச்சாங் அனுப்பியிருக்கிறேன். பாலச்சாங்கை டைகருக்குக் கொடுத்துவிடாதே, வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. பட்டு வேட்டி சட்டையும் இருக்கிறது, சட்டை இறுக்கமாக இருந்தால் தையலைப் பிரித்துக்கொள், உள்ளே துணி விட்டிருக்கிறது. கல்யாணத்தன்று அதைக் கட்டிக்கொண்டு போனில் உட்கார். சின்ன மாமாவின் மகள் போனைப் பிடித்துக்கொண்டு மேடை ஓரமாகவே நிற்பாள், லைன் அறுந்தால் மறுபடி போடுவாள், நீ பொறுமையாக இரு. முகூர்த்தம் இங்கே 7.30க்கு ஆரம்பம், அங்கே உனக்கு 5 மணி. அது டைகரை வெளியே கூட்டிப்போகிற நேரம். அன்றைக்கு மட்டும் 4 மணிக்கே எழுந்து கூட்டிப்போய் வந்துவிடு.

அன்புடன்
அம்மா