மருந்து எழுதும் முன் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சில மருந்துகளால் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து கட்டி உருவாகலாம். அவற்றைச் சாப்பிடுகிற பலருக்கு இதை யாரும் சொல்வதே இல்லை என்பதுதான் என் வருத்தம். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை, மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டாமோக்சிஃபென், ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் தாலிடோமைடு எல்லாம் இந்த வகை.

ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுக்கும்போது, ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் கல்லீரல் கூடுதலாகச் செய்கிறது. மாத்திரை எடுக்காத 10,000 இளம்பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்கு ரத்தக்கட்டி வருகிறது. எடுப்பவர்களில், மாத்திரையின் வகையைப் பொறுத்து, 5 முதல் 12 பேர். சிறிய எண்தான், பயந்துபோய் யாரும் தாங்களாகவே மருந்தை நிறுத்திவிட வேண்டாம். ஆனால் ஆரம்ப மாதங்களில்தான் ஆபத்து அதிகம். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம், சுளுக்கு என்று நாள் கடத்தக் கூடாது. கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் உடனே மருத்துவமனைதான்.

குடும்பத்தில் யாருக்காவது ரத்தக்கட்டி வந்ததா, புகைப்பழக்கம் உண்டா, அண்மையில் அறுவை சிகிச்சை நடந்ததா என்று மருத்துவர்கள் முதலிலேயே கேட்க வேண்டும். கேட்காவிட்டால், சரி, நாமே சொல்லிவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்