பெட்ரோல் பங்கில் எங்களை நிறுத்திய அண்ணனுக்கு

பெயர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள் அண்ணா, அதனால் இங்கே எழுதுகிறேன்.

கூட்டமாக பைக் பயணம் கிளம்பும் உற்சாகத்தில் பின்பக்கம் பார்க்க யாருக்குத் தோன்றும்? நண்பனின் பையைக் கட்டியிருந்த பட்டையின் நுனி செயினுக்குப் பக்கத்தில் ஆடியதை நீங்கள்தான் கவனித்தீர்கள். ஓடும்போது சிக்கினால் பின்சக்கரமே நின்றுவிடும். நீங்களே குனிந்து அவிழ்த்து, இறுக்கிக் கட்டி, மிச்ச நுனியைச் சுருட்டிச் செருகினீர்கள்.

அதோடு விடவில்லை. பழக்கம் குறைந்தவரைக் கடைசியில் விடாமல் முதல் வண்டிக்கு அடுத்து விடச் சொன்னீர்கள். கடைசி வண்டியில் அனுபவசாலி. நேர்ச்சாலையில் ஒரு வண்டி இடப்பக்கம், அடுத்த வண்டி வலப்பக்கம் என்று மாறி மாறி வரிசையாகப் போக வேண்டும். அதே தடத்தில் முன்னால் போகும் வண்டிக்கு 2 விநாடி இடைவெளி, பக்கத் தடத்தில் முன்னால் போகும் வண்டிக்கு 1 விநாடி. வளைவு வந்தால் ஒற்றை வரிசை. எங்கள் 'தலைவர்' முகம் கொஞ்சம் சுருங்கியது, அது தனிக்கதை!

ஆனால் வளைவுகளில் அவரே முதலில் ஒற்றை வரிசைக்குக் கைகாட்டினார். புதிதாக ஓட்டும் தம்பியும் துரத்திப் பிடிக்கும் பதற்றமில்லாமல் வந்தான். அவன் அம்மா சார்பிலும் சேர்த்து நன்றி அண்ணா. அடுத்த பயணத்துக்கு நீங்கள் வந்தால் முதல் வண்டி உங்களுடையதுதான், தலைவரிடம் பேசியாயிற்று.