இருப்புப் படங்கள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. கல்யாண ஆல்பத்தில் சேராத படங்களுக்கு நோகாத பெயர் ஒன்று கேட்டிருக்கிறாய். "ரிஜெக்ட்" என்று ஃபோல்டர் போட்டு பென்டிரைவில் கொடுத்தால் பெண் வீட்டார் முகம் சுண்டத்தான் செய்யும். உள்ளே இருப்பது அவர்கள் பாட்டி அல்லவா!

பெயருக்கு முன்னால் படங்களைப் பிரித்துவிடு. ஃபோகஸ் தப்பியது, ஃபிளாஷ் எரியாதது, குறுக்கே வீடியோக்காரர் தோள் விழுந்தது எல்லாம் ஒரு வகை. அவற்றைக் கொடுக்கவே வேண்டாம், பெயரும் வேண்டாம். தாலி கட்டும்போது விடாமல் அடித்த 12இல் ஒன்று ஆல்பத்துக்குப் போக, மிஞ்சும் 11 வேறு வகை. அவற்றில் குற்றம் எதுவும் இல்லை. ஆல்பத்தின் 30 ஷீட்டில் ஷீட்டுக்கு 5 வைத்தாலும் 150தான், இடம் போதவில்லை. சொல் தேவைப்படுவது இவற்றுக்குத்தான்.

"தேர்வாகாதவை" என்றால் பரீட்சையில் தோற்ற மாதிரி. "விடுபட்டவை" என்றால் நாம் மறந்துவிட்டோம் என்று சண்டைக்கு வருவார்கள். "ஒதுக்கியவை" இரண்டு பக்கமும் வெட்டும்: சீட்டும் ஒதுக்குவார்கள், ஆளையும் ஒதுக்கி வைப்பார்கள். "மிச்சம்" பந்தி முடிந்த வாடை அடிக்கிறது. என் ஓட்டு "இருப்பு"க்கு. கடைக்காரர் சொல், விற்காத சரக்குக்கும் விலை உண்டு என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. பின்னால் பெரிதாகப் பிரிண்ட் போடவோ, மாமனார் வீட்டுக்குச் சின்ன ஆல்பம் செய்யவோ அங்கிருந்துதானே எடுக்கப்போகிறார்கள்.

கடுஞ்சொல்லுக்கு உதாரணம் வேண்டுமானால் 1930களின் அமெரிக்காவைப் பார். அரசின் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்காக எடுத்த 35 மி.மீ. நெகட்டிவ்களில் தனக்குப் பிடிக்காதவற்றை அதன் புகைப்படப் பிரிவுத் தலைவர் ராய் ஸ்டிரைக்கர் பஞ்ச் மெஷினால் ஓட்டை போட்டார். அதற்கு அவர்கள் வழக்கில் "கொல்வது" என்று பெயர். ஓட்டை வழியே வெளிச்சம் தடையில்லாமல் பாய்வதால் பிரிண்டில் அந்த இடம் கரிய வட்டமாக விழும், சில படங்களில் முகத்தின் மேலேயே. அவை இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன.

ஃபோல்டர் பெயரை மாற்றினால் மட்டும் போதாது, படத்துக்குள்ளும் சொல் ஒளிந்திருக்கும். படங்களைப் பிரித்துத் திருத்தும் லைட்ரூம் கிளாசிக் மென்பொருளில் நீ போட்ட ஒற்றை நட்சத்திரம் ஜேபெக்கோடு சேர்ந்து போகும். விண்டோஸில் ப்ராப்பர்ட்டீஸ் திறந்தால், பாட்டிக்கு ஐந்துக்கு ஒன்று! கலர் லேபிளும் அப்படித்தான். "ரிவ்யூ ஸ்டேட்டஸ்" என்ற லேபிள் செட்டில் சிவப்புக்குப் பொருளே "டு டிலீட்", அழிக்கவேண்டியது. மெட்டாடேட்டா மெனுவில் கலர் லேபிள் செட்டுக்குப் போய் அந்த இடத்தில் "இருப்பு" என்று எழுதிக்கொள். ஆனால் வேலை தொடங்குமுன் எழுது. லேபிள் என்பது நிறமல்ல, வெறும் எழுத்து. நடுவில் மாற்றினால் பழைய எழுத்து புதியதோடு பொருந்தாமல், முன்பு குறித்த படங்களெல்லாம் வெள்ளை லேபிளாக நிற்கும். எக்ஸ்போர்ட்டில் மெட்டாடேட்டாவை, அதாவது படத்தோடு ஒட்டிப் போகும் குறிப்புகளை, "காப்பிரைட் ஒன்லி" என்று வைத்துவிட்டால் நட்சத்திரமும் லேபிளும் நம்மோடு தங்கிவிடும். "ரிஜெக்ட்" கொடி போடும் எக்ஸ் கீயைக் கெட்டுப்போன படங்களுக்கு மட்டும் வைத்துக்கொள். கண்ட்ரோல், பேக்ஸ்பேஸ் அழுத்தினால் கொடி விழுந்த அத்தனையும் ஒரேயடியாகப் போகும். கேட்கும் கேள்வியை நிதானமாகப் படித்துவிட்டுத் தட்டு.

அச்சுக்கு அனுப்புமுன் லைட்ரூமில் ஓ கீயை அழுத்தி, முகம் பார்த்து அது ஆள்வாரியாகப் பிரித்துக் காட்டும் வரிசையைப் பார். ஆல்பத்தில் ஒரு படம்கூட இல்லாமல் இருப்பில் மட்டும் இருக்கும் முகம் ஏதாவது இருந்தால், பெரும்பாலும் அது ஒரு சித்தப்பாவாக இருக்கும். பக்கவாட்டில் திரும்பிய முகங்களை லைட்ரூம் தவறவிடலாம், அவற்றைக் கண்ணால்தான் தேடவேண்டும். அந்தச் சித்தப்பாவை வரவேற்பு ஷீட்டில் ஒரு மூலையிலாவது உட்கார வை. எந்தப் பெயர் வைத்தாலும் அவரைச் சமாதானப்படுத்த முடியாது.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி