நின்ற காலும் தூக்கிய காலும்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள அனைவருக்கும்,

பிரெஞ்சு பாலே கலைஞர் சில்வி கியெம் மேடையை விட்டு ஒரேயடியாக இறங்கிவிட்டார். 2015 டிசம்பர் 31, டோக்கியோ. கடைசி ஆட்டம், நடன அமைப்பாளர் பெஜாரின் பொலேரோ. கடைசி சுரமும் நள்ளிரவும் ஒன்றாக வந்து விழும்படி கணக்குப் பண்ணி ஆடினார். இங்கே லண்டனில் அப்போது பிற்பகல் 3 மணி. டிவி முன்னால் கால் மணி நேரம் கை நடுங்காமல் கைபேசியைப் பிடித்திருந்த டோக்கியோத் தங்கச்சிக்கு முதல் நன்றி. பாதி நேரம் படம் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. சிவப்பு மேசையும் அதன்மேல் ஒரு சின்ன உருவமும் எனக்குப் போதுமாக இருந்தன.

அவருக்காக வரைந்த 14 படங்களைப் போன வாரம் நூலகக் கூடத்தில் மாட்டினேன். வந்தவர்கள் என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். அந்தப் பாராட்டில் பாதிக்குமேல் எனக்குரியதில்லை.

மே மாதம் லண்டனின் சாட்லர்ஸ் வெல்ஸ் நடன அரங்கில் சில்வி ஆடியபோது மேல்மாடியில் உட்கார்ந்து, இருட்டில் தாளைப் பார்க்காமலே கிறுக்கிக்கொண்டிருந்தேன். இடைவேளையில் பக்கத்து இருக்கை அம்மையார், "உங்கள் பென்சில் எலி மாதிரி பிறாண்டுகிறது" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. எழுந்துபோக நினைத்தபோது, தன் பையிலிருந்து சின்னத் தொலைநோக்கியை எடுத்து நீட்டினார். "வரையாதீர்கள், பாருங்கள். வீட்டுக்குப் போய் வரையலாம்." அம்மா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். கண்காட்சியில் இருப்பவை எல்லாம் வீட்டுக்கு வந்து வரைந்தவை.

அடுத்தது பாலே ஆசிரியை. இவருக்குத்தான் என் கடன் பெரிது. கியெம் என்றாலே எல்லோருக்கும் அந்தக் கால்தான் நினைவுக்கு வரும். காதோரம் வரை உயர்ந்து, மற்றக் காலோடு கடிகாரத்தில் 6 மணி காட்டுமே, அது. நானும் அதையே பத்துத் தாளில் வரைந்து கொண்டுபோய்க் காட்டினேன். ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "இவள் விழுந்துவிடுவாள்" என்றார். நின்ற காலை நான் சும்மா ஒரு கோடாக இழுத்துவிட்டிருந்தேன். நடராசரிடமும் தூக்கிய திருவடியையே பார்த்து வளர்ந்த கண் இது. முயலகன்மேல் ஊன்றிய பாதத்தை யார் நின்று பார்க்கிறார்கள்?

பேச்சோடு விடவில்லை அவர். கால்விரல் நுனியில் நின்று ஆடப் போடும் தன் பழைய பாயின்ட் ஷூ ஒன்றைக் கத்தியால் கிழித்துக் காட்டினார். நுனியில் மரக்கட்டை இருக்கும் என்று நினைத்திருந்தேன். துணியும் காகிதமும் பசையும் அடுக்கடுக்காக இறுகிக் கிடந்தன. உள்ளே வியர்வைக் கறை, ரிப்பனில் அவரே போட்ட தடித்த தையல். விரல் நுனியில் முழு உடம்பும் நிற்கிற இடம் அவ்வளவுதான், என் உள்ளங்கையில் பாதிகூட இல்லை. அன்று இரவே பத்துத் தாளையும் கிழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.

சட்டம் போட்டுத் தந்த ஈஸ்ட் ஹாம் அண்ணன் கூலியைப் பிறகு தரச் சொன்னார். மறக்கவில்லை அண்ணே.

இனி உங்களுக்கு, சில்வி. 1984இல், 19 வயதில், பாரிஸ் ஆபரா பாலே குழுவை நடத்திய நூரியெவ் உங்களை அதன் எத்வால், அதாவது உச்ச நட்சத்திரம், ஆக்கினார். ஐந்தே வருடத்தில் அதை உதறிவிட்டு லண்டன் வந்தீர்கள். பிடிக்காததற்கு முடியாது என்றே சொன்னதால் 'மத்மோசெல் நோன்', அதாவது 'முடியாது அம்மணி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். மே மாதம் நான் பார்த்த, மாட்ஸ் எக் அமைத்த 'பை' (Bye, போய்வருகிறேன்) ஆட்டத்தில் மஞ்சள் பாவாடையும் பின்னலுமாக, வீட்டு வேலையைப் பாதியில் விட்டு வந்தவரைப் போல வந்தீர்கள். பெத்தோவனின் கடைசிப் பியானோ சொனாட்டா ஓடுகிறது. செருப்பைக் கழற்றினீர்கள், காலுறையைக் கழற்றினீர்கள். அந்த வெறுங்காலைத் தொலைநோக்கியில் பார்த்தேன். ஐம்பது வயதுக் கால். அதை வரைய எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.

அந்தப் படத்தைக் கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். மன்னிக்க வேண்டும், அது விற்பனைக்கு இல்லை. ஆசிரியை வீட்டுக்குப் போகிறது. சனிக்கிழமை கொண்டுவருகிறேன் டீச்சர். அப்போதாவது "விழமாட்டாள்" என்று சொல்லுங்கள்.