64 சேனலும் ஒரு சிப்பும்: மகனுக்கு

கண்ணா,

போன வாரமும் நீ கூப்பிடவில்லை. வேலை இருக்கும். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாடியில் குடியிருப்பவர்கள் காலி செய்கிறார்கள், அந்தக் கதையை நேரில் சொல்கிறேன்.

உங்கள் அடுத்த மெஷின் பேட்டரியில் ஓடும் சின்ன அல்ட்ராசவுண்டாம், அதற்கு எஸ்ஓசி (பிராசசரும் எஃப்பிஜிஏவும் ஒரே சிப்பில்) போட முடிவாகப் போகிறதாம், நீ மட்டும் தனி எஃப்பிஜிஏதான் (உள்ளே இருக்கும் சர்க்யூட்டை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) வேண்டும் என்று மீட்டிங்கில் வாதாடினாயாம். மருமகள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் கிளறினேன். ஆனால் இதை நீயே சொல்லியிருக்கலாம். கிண்டியில் போர்டு வரைந்தே ரிடையர் ஆனவள் நான். என்னிடம் சொல்லாமல் இதை யாரிடம் சொல்வாய்?

வீட்டுக் கடன் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. சிப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் பின் (சிப்பின் இணைப்புக் கால்) கணக்கைப் போட்டாயா? ப்ரோப் சிக்னலை எண்ணாக மாற்றும் 64 சேனல் ஏடிசியிலிருந்து சேனலுக்கு ஒரு எல்விடிஎஸ் ஜோடி, அதாவது இரண்டு கோடு, வந்தால் அதற்கே 128 பின். கடிகாரக் கோடுகள் தனி. ஜிங்க் 7020 எஸ்ஓசியை, அடியில் 400 இணைப்புப் பந்து உள்ள பேக்கேஜில் எடுத்தால் எஃப்பிஜிஏ பக்கம் கிடைப்பது 125 பின்தான். 484 பந்து பேக்கேஜில் 200 கிடைக்கும். சிப்பின் பெயர் ஒன்றுதான், ஒரு பேக்கேஜில் உன் மெஷின் அடங்கும், மற்றதில் அடங்காது. மீட்டிங்கில் இதைச் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள். "எஃப்பிஜிஏதான் நல்லது" என்று பொதுவாகச் சொன்னால், இவன் தன் இடத்தைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்றுதான் நினைப்பார்கள்.

128 சேனல் வைத்த பெரிய டிராலி மெஷின் என்றால் நானும் உன் கட்சிதான். பின் நிறைய உள்ள தனி எஃப்பிஜிஏ, பக்கத்தில் தனி பிராசசர் போர்டு. பிராசசர் பழசானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சின்ன மெஷினுக்கு அப்படி இல்லை. 64 சேனல், 12 பிட், வினாடிக்கு 4 கோடி சாம்பிள் என்றால் வினாடிக்கு 30 கிகாபிட்டுக்கு மேல் உள்ளே கொட்டுகிறது. பீம்பார்மர் எல்லாச் சேனலையும் ஒன்றாகக் கூட்டி முடித்த பிறகு அது மிகவும் சுருங்கிவிடும். அதற்கு மேல் திரை, நெட்வொர்க், நோயாளி விவரம், அப்டேட் என்று மிச்சமெல்லாம் லினக்ஸ் வேலை. அந்தச் சுருங்கிய டேட்டாவைக் கொண்டுபோக இன்னொரு சிப், நடுவில் ஒரு வேக இணைப்பு, அதற்கு இடம், கரண்ட் எல்லாம் எதற்கு? இந்த மெஷினுக்கு எஸ்ஓசிதான் சரி. உனக்குப் பிடிக்காது என்றாலும் சொல்கிறேன்.

அப்புறம் முக்கியமான விஷயம். ஜிங்கில் முதலில் விழிப்பது பிராசசர். எஃப்பிஜிஏ பக்கத்துச் சர்க்யூட்டை அமைக்கும் பிட்ஸ்ட்ரீமை அதுதான் ஏற்றுகிறது. அதுவரை, ப்ரோப்புக்குப் பல்ஸ் அனுப்பும் டிரான்ஸ்மிட்டரின் எனேபிள் கோடு எந்த நிலையில் இருக்கும்? போர்டிலேயே அந்தக் கோட்டைப் பூஜ்யத்தில் பிடித்து வைக்கும் புல்-டவுன் போடச் சொல். லினக்ஸ் நடுவில் தொங்கிப்போனால் ப்ரோப் தொடர்ந்து பல்ஸ் அடித்துக்கொண்டிருக்கக் கூடாது. நிறுத்துகிற லாஜிக் எஃப்பிஜிஏ பக்கத்தில், பிராசசரிடமிருந்து துடிப்பு வராவிட்டால் தானே அணைக்கிற மாதிரி இருக்க வேண்டும். நோயாளி மேல் வைக்கிற சாமான் அது. இதை யோசிக்கிறவன் அந்த டீமில் நீதான் என்று எனக்குத் தெரியும்.

உன் முதல் பீம்பார்மர் ஓடியபோது கருப்புத் திரையில் நாலு வெள்ளைப் புள்ளி அனுப்பினாயே, அதை அப்பா பிரிண்ட் போட்டு பீரோ கதவில் ஒட்டினார். இன்னும் இருக்கிறது. அதைச் செய்தவன் டிவைஸ் ட்ரீ (போர்டில் என்னென்ன இருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்லும் பட்டியல்) படிக்கத் தயங்குகிறான் என்றால் என்னால் ஏற்க முடியவில்லை.

இதைக் கேள். டிஎம்ஏ (பிராசசரைத் தொடாமலே டேட்டாவை நகர்த்துகிற பகுதி) டேட்டாவை டிடிஆர் மெமரியில் சரியாக எழுதியிருக்கும். திரையில் பழைய ஃபிரேமின் துண்டுகள் பட்டை பட்டையாகத் தெரியும். சி மட்டும் தெரிந்தவர் ஹார்ட்வேர் தப்பு என்பார். சர்க்யூட்டை எழுதும் வெரிலாக் மட்டும் தெரிந்தவர், சிப்புக்குள் ஓடும் சிக்னலைக் காட்டும் ஐஎல்ஏ-வில் பார்த்துவிட்டு, பஸ்ஸில் சரியாகத்தான் போகிறது என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. எஃப்பிஜிஏ பக்கத்திலிருந்து ஹெச்பி போர்ட் வழியாக நேரே மெமரிக்குப் போகிற டேட்டா பிராசசரின் கேச்சுக்குத் தெரியாது, அது தன்னிடம் உள்ள பழைய நகலையே கொடுக்கும். படிக்கும் முன் டிரைவர் கேச்சைச் செல்லாததாக்க வேண்டும், இல்லை என்றால் கேச்சையும் பார்த்துக்கொள்ளும் ஏசிபி போர்ட் வழியாகப் போக வேண்டும். இந்த இடத்தில் இரண்டு பக்கமும் தெரிந்தவர் வேண்டும். நீ பாதி தூரம் வந்துவிட்டாய். மீதி லினக்ஸ் டிரைவர், கேச், டிவைஸ் ட்ரீ. படி. தினம் ராத்திரி கொஞ்சம் படி.

சி எழுதினால் ஹெச்எல்எஸ் என்கிற டூல் அதை ஆர்டிஎல் (வெரிலாக்கில் எழுதுகிற சர்க்யூட் விவரம்) ஆக்கிவிடும், இனி வெரிலாக் எதற்கு என்று அங்கே சிலர் சொல்வதாகவும் மருமகள் சொன்னாள். டைமிங் சேராதபோது, அதாவது சிக்னல் கடிகார நேரத்துக்குள் போய்ச் சேராதபோது, ரிப்போர்ட்டைத் திறந்து எந்தப் பாதை என்று பார்ப்பது யார்? அந்தக் கண் உன்னிடம் இருக்கிறது. 2002-லேயே வர்டெக்ஸ்-2 ப்ரோ எஃப்பிஜிஏவுக்குள் பவர்பிசி பிராசசர் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் எங்கள் ஆபீசில் ஆர்டிஎல் எழுதுகிறவர்களுக்கு வேலை குறையவில்லை. டிரைவர் எழுதக் கற்றுக்கொண்டவர்களைத்தான் புது போர்டு வரும்போதெல்லாம் முதலில் கூப்பிட்டார்கள். உன் சித்தப்பா அப்போது கற்றுக்கொள்ள மறுத்தது உனக்குத் தெரியும். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

ராத்திரி சாப்பிடாமல் படுக்கிறாயாம். அதையும் அவள்தான் சொன்னாள். சாப்பிட்டுவிட்டுப் படி. டிவைஸ் ட்ரீயைத்தான் சொல்கிறேன்.

பின் கணக்கை ஒரு ஷீட்டில் போட்டு எனக்கு அனுப்பு. கடிகாரம், டிரான்ஸ்மிட் கண்ட்ரோல், டிபக் (பிழை தேடும்) கோடுகள் எல்லாம் சேர்த்து 200-க்குள் அடங்குகிறதா என்று நானும் ஒருமுறை பார்க்கிறேன். அடுத்த மீட்டிங் என்றைக்கு என்று சொல், அதற்கு முந்தைய நாள் போனில் பேசலாம். அப்பா ஆபீஸ் பற்றி எதுவும் கேட்க மாட்டார், நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

அம்மா