கவுன்சில் தேர்தல் என்றால் அவ்வளவு இளக்காரமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2025 மே 1 ஆம் திகதி நடந்த இங்கிலாந்து உள்ளூராட்சித் தேர்தல் முடிவுகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ‘அடுத்த பொதுத் தேர்தலுக்கு இது ஒரு முன்னோட்டம், அதற்கு மேல் ஒன்றுமில்லை’ என்று முடித்திருக்கிறீர்கள். அந்த வரியை என்னால் விழுங்க முடியவில்லை.

குடிவரவைக் குறைப்போம் என்று வாக்குக் கேட்கிற ரிஃபோர்ம் கட்சி 677 ஆசனங்களை எடுத்ததையும் பத்துச் சபைகளைப் பிடித்ததையும் பெரிதாகப் போட்டீர்கள். சரி, அது செய்திதான். லண்டனுக்குப் பக்கத்திலுள்ள கென்ட் சபையில் மட்டும் 81 ஆசனங்களில் 57 அவர்களுக்கு. 1997 முதல் அங்கே ஆண்ட கன்சர்வேட்டிவ் கட்சிக்கு மிஞ்சியது ஐந்து. ஆனால் அந்த 57 பேரும் அங்கே போய் என்ன செய்யப் போகிறார்கள்? விசாவோ, எல்லைக் காவலோ, படகில் வருகிறவர்களின் விவகாரமோ அவர்கள் கையில் இல்லை. முதியோர் பராமரிப்பு, விசேட தேவையுள்ள பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிப்போகிற வாகனம், வீதி, நூலகம் இவைதான் அவர்கள் மேசைக்கு வரும். இதைப் பற்றி ஒரு வரி கூட எழுத உங்களுக்கு இடமில்லாமல் போய்விட்டது.

எங்கள் மாமிக்குக் காலையில் உதவி செய்ய ஒரு பெண் வருவார். முதலில் முக்கால் மணி நேரம் என்றார்கள். அது அரை மணியாகி, இப்போது கால் மணியில் வந்து நிற்கிறது. அதற்குள் எண்பது தாண்டிய மனுசியை எழுப்பி, உடம்பு கழுவி, உடுப்பு மாற்றி, மாத்திரை கொடுத்து, தேத்தண்ணியும் வைக்கவேண்டும். அந்தப் பிள்ளை ஜாக்கெட்டைக் கழற்றாமலே இவ்வளவையும் செய்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறது. நேரத்தைக் குறைத்துக் கடிதம் அனுப்பியது பாராளுமன்றம் இல்லை, எங்கள் கவுன்சில். எனக்கு இது முன்னோட்டம் இல்லை ஐயா, ஒவ்வொரு நாளும் விடிவது இதில்தான்.

தெற்கு லண்டனில் உள்ள குரோய்டன் சபையின் கதை தங்களுக்குத் தெரியாததல்ல. 2020 நவம்பரில் அந்தச் சபை கையில் காசில்லை என்று அறிவித்தது. 2023 இல் கவுன்சில் வரி ஒரேயடியாகப் பதினைந்து வீதம் ஏறியது. அதற்கு முந்தைய வருடம் அங்கே மேயரைத் தீர்மானித்தது 600 க்கும் குறைந்த வாக்கு வித்தியாசம். நம்மவர்கள் இத்தனை பேர் இருக்கிற இடம் அது. அந்த வித்தியாசத்தை ஒரு கோயில் திருவிழாக் கூட்டமே மாற்றியிருக்கும். அப்போதும் இதைப் பற்றி உங்கள் பத்திரிகையில் எதுவும் பார்த்த ஞாபகம் எனக்கில்லை. ஒரு தமிழர் கவுன்சிலரானால் பொன்னாடைப் படம் வரும். அவர் எந்தக் குழுவில் இருக்கிறார், எதற்குக் கை உயர்த்தினார் என்று அப்புறம் ஒருதரமாவது கேட்டிருக்கிறீர்களா? பல வருட வாசகி என்ற உரிமையில் கேட்கிறேன், மனவருத்தத்தோடுதான்.

எங்கள் தெருவில் கடை வைத்திருக்கும் தம்பி இலங்கைக் கடவுச்சீட்டோடு இருப்பவர். பிரித்தானியக் குடியுரிமை இல்லாததால் தனக்கு வாக்கே இல்லை என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தார். இங்கே வதிய அனுமதியுள்ள இலங்கையரும் இந்தியரும் பொதுநலவாய நாட்டவர் என்பதால் பதிவு செய்து வாக்களிக்கலாம் என்பதை அவருக்கு நான் சொல்லவேண்டியிருந்தது. அவர் கடையில் உங்கள் பத்திரிகை வாராவாரம் விற்கிறது.

லண்டன் கவுன்சில்களுக்கு 2026 மே மாதம் தேர்தல். அதற்கு முன்னர் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். யார் யாருக்கு வாக்குண்டு, எப்படிப் பதிவது, 2023 முதல் வாக்குச்சாவடியில் கேட்கிற படமுள்ள அடையாள அட்டைகள் எவை, இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு செல்லும் என்ற விவரம், இவ்வளவும் போதும். பதிவுக்கான கடைசித் திகதியைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
தெற்கு லண்டன் வாசகி