திக்குவாயை வென்ற வர்ணனையாளர்

ஆசிரியருக்கு வணக்கம்.

விளையாட்டு வீரர்கள் வர்ணனையாளர்களாக மாறுவது பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில் கிரிக்கெட் வீரர்களே நிறைந்திருந்தார்கள். அமெரிக்க கோல்ஃப் வீரர் கென் வென்ச்சூரியையும் அதில் சேர்த்திருக்க வேண்டும்.

சிறுவயதில் அவருக்குக் கடுமையான திக்குவாய். தனியாக ஆடலாம், யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதாலேயே கோல்ஃபைப் பிடித்துக்கொண்டார். 1964 அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் போட்டியின் கடைசி நாளில் 36 குழிகள், அதாவது இரண்டு முழுச் சுற்றுகள் ஆட வேண்டும். கொளுத்தும் வெயிலில் பாதியிலேயே துவண்டுபோனார். தொடர்ந்தால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் எச்சரித்தும், உப்பு மாத்திரைகளை விழுங்கிக்கொண்டே ஆடிக் கோப்பையை வென்றார். என்ன நெஞ்சுரம்! பிறகு மணிக்கட்டு நரம்புக் கோளாறு அவரது ஆட்டத்தை முடக்கியது. 1968 முதல் 2002 வரை சிபிஎஸ் தொலைக்காட்சியில் வர்ணனை செய்தார்.

இங்கே மூணாற்றில் எங்கள் லயத்திலும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) திக்கிப் பேசும் சிறுவன் ஒருவன் இருக்கிறான். வகுப்பில் வாசிக்கும் முறை வந்தால் முதல் எழுத்திலேயே சிக்கி, மேசை விளிம்பை இறுகப் பற்றிக்கொள்வானாம். ஆசிரியர் அவனை விட்டுவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடுகிறார். அதே சிறுவன், தொலைக்காட்சியில் கால்பந்து ஓடும்போது ஒலியைக் குறைத்துவிட்டுத் தானே வர்ணனை சொல்கிறான். அப்போது திக்கல் வெகுவாகக் குறைகிறது. நானே கேட்டிருக்கிறேன்.

இடுக்கி மாவட்டத் தமிழ்ப் பள்ளிகள், விளையாட்டு விழாக்களில் இத்தகைய பிள்ளைகளிடமும் சிறிது நேரம் ஒலிவாங்கியைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வாசகர்,
மூணாறு